இலவசக் கல்வியும் எங்கள் பெற்றோரும்

(பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் 1998 உயர்தர வகுப்பினர் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் எங்களிடம் கேட்டது கட்டிளமைப் பருவப் பெண்களின் போசாக்குப் பற்றிய ஓர் உரை. வைத்தியர் என்றால் போசாக்குத்தானே பேச வேண்டும்! நாங்களும் சம்மதித்தோம். ஆனால் எங்கள் வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் குறிப்புகளைச் சேர்க்கத் தொடங்கியபோது பேச்சு வேறு வழியில் போய்விட்டது. கிளினிக்குக்கு வரும் மாணவியின் இரத்தச்சோகைக்குக் காரணம் தேடினால், அது கடைசியில் ரியூசன் நேர அட்டவணையில் போய் நிற்கிறது. அதிலிருந்து அவளின் தாய் தகப்பன் படிப்பைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்ற கேள்விக்கு வந்து சேர்ந்தோம். ஆகையால் இந்த உரையை ஒருவர் வாசித்தாலும் எழுதியவர்கள் பலர் என்பதை முதலிலேயே சொல்லி விடுகிறோம். ‘நாங்கள்’ என்று வருமிடமெல்லாம் அந்தக் குழுவைத்தான் குறிக்கும்.

இலவசக் கல்வி என்றதும் எல்லோரும் கன்னங்கரா அவர்களின் பெயரைச் சொல்வோம். 1943இல் அவரது தலைமையிலான விசேட குழுவின் அறிக்கை வந்தது. 1945 ஒக்டோபர் 1ஆம் திகதி முதல், பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை கட்டணமில்லாக் கல்வி என்ற திட்டம் நடைமுறைக்கு வந்தது. இதைச் சமூகக்கல்விப் பாடத்தில் மனப்பாடம் செய்து புள்ளியும் வாங்கியிருக்கிறோம். ஆனால் அந்தத் திகதிக்கு முதல்நாள் வரை எங்கள் வீடுகளில் கணக்கு எப்படிப் போடப்பட்டது என்பதைப் புத்தகம் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. அதைச் சொன்னவர்கள் அம்மம்மாமார்.

அக்காலத்தில் தமிழ்ப் பாடசாலையில் படிக்கக் காசு இல்லை. ஆங்கிலப் பாடசாலைக்குத்தான் காசு. உத்தியோகம் ஆங்கிலத்தோடு இருந்தது. ஆகவே வீட்டுக்கு வீடு ஒரே முடிவுதான்: ஆம்பிளைப் பிள்ளைக்கு நாலு பரப்புக் காணியை ஈடு வைத்தென்றாலும் ஆங்கிலம், பொம்பிளைப் பிள்ளைக்கு ஐந்தாம் வகுப்போடு தையலும் சமையலும். எங்களுள் ஒருவரின் அம்மம்மா தமையனின் ஆங்கிலப் புத்தகங்களைத் தூசி தட்டி அடுக்கி வைப்பாராம். திறந்து பார்க்க அவருக்கு அனுமதி இருந்தது, வாசிக்கத்தான் தெரியாது. அவர் தன் தகப்பனை ஒருநாளும் குறை சொன்னதில்லை. “ஐயாவிட்டை ஒருத்தருக்குத்தான் காசு இருந்தது” என்பார். கட்டணம் என்ற ஒன்று இருந்தவரை வீட்டில் யாரோ ஒருவரைத் தெரிவு செய்யவேண்டி இருந்தது. தெரிவு வந்தால் அது மகளாக இருக்காது.

கட்டணம் போனதும் அந்தக் கணக்கு மாறியது. உடனே மாறிவிடவில்லை. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களின்பின் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளில் பெரும்பாலானவை அரசின் கைக்கு வந்தன. எங்கள் அம்மாமாரின் தலைமுறைதான் அந்தப் பலனை முழுதாக அனுபவித்தது. அந்தத் தலைமுறையில் எத்தனை பேர் ஆசிரியைகளாக, தாதியராக, எழுதுவினைஞர்களாக வந்தார்கள் என்பதை இந்த முன்வரிசையே சொல்லும்.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. எங்கள் மண்ணில் எல்லாப் பெற்றோரும் கல்வி எல்லோருக்கும் போய்ச் சேரவேண்டும் என்று கைகூப்பி நின்றவர்கள் அல்லர். நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சமமாக ஆசனத்தில் இருக்க வேண்டும் என்ற நடைமுறை 1929, 1930 காலப்பகுதியில் கொண்டுவரப்பட்டபோது, அதை எதிர்த்து மனுக் கொடுத்தவர்களும் பிள்ளைகளை நிறுத்தியவர்களும் பெற்றோர்தான். பாடசாலைகள் எரிக்கப்பட்ட வரலாறும் இருக்கிறது. அம்மம்மாவை ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியது காசு. அதே ஊரில் இன்னொரு பிள்ளையை நிலத்தில் இருத்தியது காசு அல்ல. நூற்றாண்டு மலரில் இதை எழுதலாமா என்று எங்களுக்குள்ளேயே ஒரு விவாதம் நடந்தது. நூறு ஆண்டைக் கொண்டாடுகிறவர்கள் அந்த நூறு ஆண்டையும் சேர்த்துத்தானே கொண்டாட வேண்டும் என்று முடிவு செய்தோம்.

இனி எங்கள் பெற்றோர். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் எழுந்து நடந்த அந்த இரவில் நாங்கள் சாதாரண தர வகுப்பில் இருந்தோம். மழை. நாவற்குழிப் பாலத்தில் கால் வைக்க இடமில்லை. குழுவில் ஒரு கேள்வி போட்டோம்: அந்த இரவு உங்கள் வீட்டில் என்ன எடுத்தார்கள்? பதினேழு பேர் பதில் எழுதினார்கள். அரிசி, சீனி, தங்கச்சியின் பால்மா, ஒரு கோழி, தாலிக்கொடி என்று வித்தியாசம் வித்தியாசமான பதில்கள். எல்லாப் பதிலிலும் பொதுவாக இருந்தவை இரண்டு: பிறப்புச் சான்றிதழ், பாடசாலைத் தேர்ச்சி அறிக்கை. சுன்னாகத்திலிருந்து நடந்த ஒரு தகப்பனார், தன் கடைக் கணக்குப் புத்தகத்தை விட்டுவிட்டு மகளின் விஞ்ஞானக் கொப்பிகளைச் சீமெந்துப் பையில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு போனார். கடைக்காரரின் கடன்காரர்களுக்கு அது பெரிய அதிர்ஷ்டமாகப் போயிற்று!

ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்கள் நாங்கள். மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் யானை விலை, தென்மராட்சியில் மரத்துக்குக் கீழும் மாலை நேரத்திலும் வகுப்பு. ஆனாலும் பரீட்சை எழுதினோம், பல்கலைக்கழகம் போனோம். எங்கள் வகுப்பிலிருந்து ஐவர் வைத்தியர்களானோம். ஐந்து பேரின் மருத்துவப் படிப்புக்கும் ஒரு சதம் கட்டணம் கட்டவில்லை. அதைக் கட்டியவர்கள் இந்த நாட்டில் சீனிக்கும் மாவுக்கும் வரி கொடுத்தவர்கள். இன்று ஐவரில் இருவர் வெளிநாட்டில். அவர்கள் போனதற்குக் காரணங்கள் உண்டு, நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த இருவர்தான் இந்தக் குறிப்புகளைச் சேர்க்கும்போது மற்றவர்களைவிட அதிகம் எழுதினார்கள்.

இப்போது கிளினிக்குக்கு வருவோம்.

சில மாதங்களுக்கு முன் பத்தாம் தரத்தில் படிக்கும் ஒரு பிள்ளையைத் தாய் கூட்டி வந்தார். காலைக் கூட்டத்தில் இரண்டு முறை மயங்கி விழுந்திருக்கிறாள். ஹீமோகுளோபின் டெசிலீற்றருக்கு 9 கிராம். மாதவிடாய் ஒழுங்காகத்தான் இருக்கிறது, புழு மருந்து எடுத்திருக்கிறாள், பாடசாலையில் தரும் இரும்புச்சத்துக் குளிசையும் பையில் இருக்கிறது. ஆனால் சாப்பிடும் நேரம் எது என்று கேட்டபோதுதான் விசயம் வெளிச்சத்துக்கு வந்தது. காலை ஐந்தரைக்குக் கணித வகுப்பு. ஏழு மணிக்கு அங்கிருந்து நேரே பாடசாலை. ஒன்றரைக்குப் பாடசாலை விட்டதும் இரண்டு மணிக்கு விஞ்ஞானம், நாலரைக்கு ஆங்கிலம். வீட்டுக்கு வர ஏழு. காலையில் தேநீரும் பிஸ்கட்டும், பகலில் ஒரு பணிஸ். சோறு இரவில் மட்டும். சனி ஞாயிறு இன்னும் மோசம்.

தாயிடம், “அம்மா, பாடசாலையில் இந்தப் பாடங்கள் நடப்பதில்லையா?” என்று கேட்டோம். அவர் சொன்ன பதிலை அப்படியே தருகிறோம்: “பள்ளிக்கூடம் இலவசந்தான் டொக்டர். படிப்புத்தான் காசு.”

இந்த ஒரு வசனத்தைக் கேட்டபின் எங்களால் போசாக்கைப் பற்றி மட்டும் பேச முடியவில்லை.

அந்தத் தாய் சொல்வது முழுவதும் சரியா? இல்லை. ஆசிரியர் சம்பளம், கட்டடம், 1980 தொடக்கம் பாடநூல், 1993 தொடக்கம் சீருடைத் துணி, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையினர் பாடசாலைக்கே வந்து செய்யும் மருத்துவப் பரிசோதனை, எல்லாவற்றையும் அரசு தருகிறது. இவற்றுக்கெல்லாம் விலை போட்டால் அந்தக் குடும்பத்தால் ஒரு தவணைகூடத் தாங்க முடியாது. அது அவருக்கும் தெரியும். ஆனால் மாதக் கடைசியில் அவரின் கையை விட்டுப் போகும் காசுதான் அவருக்குத் தெரியும் காசு. ரியூசன் மூன்று பாடம், கொப்பி, சப்பாத்து, பஸ், ஒப்படை என்ற பெயரில் வர்ணப் பிரதி எடுக்கும் செலவு, அபிவிருத்திச் சங்கத்துக்கு ஒரு தொகை, விளையாட்டுப் போட்டிக்கு இல்ல நிறத்தில் ஒரு சட்டை. 2022இல் கொப்பி விலை ஏறியபோது, பழைய கொப்பிகளில் மிஞ்சிய தாள்களைக் கிழித்துத் தைத்துக் கொடுத்த தகப்பன்மாரை நாங்கள் அறிவோம். அந்த ஆண்டு மார்ச்சில் மேல் மாகாணத்தில் தாள் இல்லாமல் தவணைப் பரீட்சையையே பிற்போட்டார்கள்.

ரியூசனைப் பெற்றோரின் பேராசை என்று சொல்லிவிடுவது இலகு. நாங்கள் அப்படிச் சொல்லத் தயாரில்லை. உயர்தரத்தில் பல்கலைக்கழகத் தகுதி பெறுவோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கே இடம் கிடைக்கிறது. 1970களில் தரப்படுத்தல் வந்த காலம் முதல், ஒரு புள்ளியில் பிள்ளையின் வாழ்வு தவறிப் போகலாம் என்ற பயம் எங்கள் வீடுகளில் குடியிருக்கிறது. அந்தப் பயத்தின் மேல்தான் ரியூட்டரிகள் எழுந்தன என்பது எங்கள் கணிப்பு. பாடசாலை கற்பிப்பது போதும் என்று நம்பி ஒரு தாய் மகளை வீட்டில் வைத்திருந்தால், பக்கத்து வீட்டுப் பிள்ளை ஐந்தரைக்குச் சைக்கிளில் போவதை அவள் ஒவ்வொரு நாளும் வாசலில் நின்று பார்க்க வேண்டும். எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பாள்?

ஆசிரியைகள் கோபிக்கக் கூடாது. காலையில் வகுப்பறையில் முடிக்காத அலகை மாலையில் காசுக்கு முடிக்கும் வழக்கம் ஊரில் உண்டு. நாங்கள் படித்த காலத்திலும் இருந்தது. அதேவேளை ஆசிரியர் சம்பளம் எவ்வளவு என்பதையும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். 2021இல் ஆசிரியர்களும் அதிபர்களும் சம்பள முரண்பாட்டுக்காக மாதக்கணக்கில் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகி நின்றார்கள். 2012இல் பல்கலைக்கழக ஆசிரியர்கள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 வீதத்தைக் கல்விக்கு ஒதுக்குமாறு கேட்டுத் தெருவில் இறங்கினார்கள். அந்த 6 இன்றுவரை ஒரு கோசமாகவே இருக்கிறது. வைத்தியர்களான நாங்கள் பெரிதாக நியாயம் பேச முடியாது. பகலில் அரச வைத்தியசாலை, மாலையில் தனியார் சிகிச்சை நிலையம் என்பது எங்கள் தொழிலின் ரியூசன்.

இன்னொரு தகப்பனின் கதை வேறு மாதிரி. கரையோரக் கிராமம், கடற்றொழில். மகள் சாதாரண தரத்தில் விஞ்ஞானத்துக்கும் கணிதத்துக்கும் ‘ஏ’. ஊர்ப் பாடசாலையில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு இல்லை. நாட்டில் ஏறத்தாழ 10,000 அரச பாடசாலைகள் இருந்தாலும் அந்தப் பிரிவு உள்ளவை பத்தில் ஒன்று அளவுதான். நகரத்துக்கு வர இரண்டு பஸ் மாற வேண்டும். மாலை வகுப்பு முடிந்து போனால் கடைசி பஸ் போய்விடும். அவர் மகளைக் கலைப் பிரிவில் விட்டுவிட்டார். “அவளுக்கு மூளை இருக்கு, எனக்கும் தெரியும். இருட்டுக்குள்ளை ஒழுங்கைக்குள்ளை நடந்து வர வேணும். நாளைக்கு ஒண்டு நடந்தா எந்தப் பள்ளிக்கூடம் வந்து பதில் சொல்லும்?” என்று கேட்டார். எங்களிடம் பதில் இருக்கவில்லை. ஐந்து முதல் பதினாறு வயது வரை பிள்ளையைக் கட்டாயம் பாடசாலைக்கு அனுப்ப வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பதினாறுக்குப் பிறகு அந்தப் பிள்ளைக்கும் விஞ்ஞானப் பிரிவுக்கும் இடையில் கடைசி பஸ்தான் நிற்கிறது. அம்மம்மாவின் காலத்தில் கட்டணம் செய்த வேலையை இன்று பஸ் செய்கிறது.

இப்போது சொல்லப்போவது எங்களைப் பற்றியது. சங்கத்தின் அனுமதியோடுதான் சொல்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், ஆறாம் தர அனுமதி நாட்களில் சங்கத்தின் சார்பில் ஒரு மேசை போட்டோம். மண்டபத்துக்குக் கதிரை வாங்க நிதி. விரும்பியவர்கள் தரலாம் என்றுதான் சொன்னோம், பலவந்தம் இல்லை. மேசையில் இருந்தவர்களுள் எங்கள் வகுப்பினரும் இருந்தோம். ஆனால் அந்த மேசை அனுமதிப் படிவம் கொடுக்கும் மேசைக்குப் பக்கத்தில், நாலடி தூரத்தில் இருந்தது. பிள்ளை அனுமதிக்குக் காசு வாங்கக் கூடாது என்று அமைச்சின் சுற்றறிக்கைகள் இருக்கின்றன. நாங்கள் அனுமதிக்கு வாங்கவில்லை, கதிரைக்கு வாங்கினோம் என்று எங்களுக்குத் தெரியும். வரிசையில் நின்றவர்களுக்கு அது எப்படித் தெரியும்?

போன வருடம் கிளினிக்குக்கு ஒரு தாய் வந்தார். வெங்காயத் தோட்டத்தில் நாட்கூலி. நித்திரையின்மை, நெஞ்சுப் படபடப்பு. எல்லாப் பரிசோதனையும் சரியாக இருந்தது. கதைத்துக்கொண்டு போகையில் நுண்கடன் விசயம் வந்தது. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன், கிழமைக்கு ஒருதரம் வாசலில் வந்து நிற்கும் மனிதர். முதல் கடன் எதற்கு எடுத்தீர்கள் என்று கேட்டோம். மகளைப் புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்த பின் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்க்க எடுத்ததாம். சப்பாத்து, பை, பழைய சைக்கிள் ஒன்று, “பள்ளிக்கூடத்துக்குப் பத்தாயிரம்.” எந்தப் பாடசாலை என்று கேட்டோம். கிளினிக் கொப்பிக்குள் மடித்து வைத்திருந்த பற்றுச்சீட்டை எடுத்துக் காட்டினார். எங்கள் சங்கத்தின் பற்றுச்சீட்டு. கையெழுத்து எங்கள் வகுப்பில் ஒருவருடையது.

அன்றிரவு குழுவில் அதைப் போட்டோம். நெடுநேரம் ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை. பிறகு, கையெழுத்து வைத்தவரே முதலில் எழுதினார்: “திருப்பிக் கொடுப்போம்.” எல்லோரும் சம்மதித்தோம். அடுத்த கிளினிக்கில் தாயிடம் சொன்னோம். அவர் வாங்க மறுத்துவிட்டார். கோபத்தில் அல்ல. “அது என்ரை பிள்ளையின்ரை பள்ளிக்கூடத்துக்கு நான் குடுத்தது. திருப்பித் தந்தா அவள் சும்மா படிச்சவள் எண்டு ஆகிடும். வேண்டாம் டொக்டர்.” அவரின் மகள் இன்று எங்களிடையே, இந்த மண்டபத்தில், நாங்கள் வாங்கிய கதிரை ஒன்றில்தான் இருக்கிறாள் என்று நினைக்கிறோம். யார் என்று தேட வேண்டாம்.

இந்தப் பதில் எங்களைக் குழப்பிவிட்டது, அதை ஒப்புக்கொள்கிறோம். பெற்றோருக்கு இலவசம் வேண்டும், கட்டணம் சுமை என்ற அளவில்தான் நாங்கள் யோசித்து வைத்திருந்தோம். அந்தத் தாய்க்குத் தானும் கொடுத்தேன் என்ற உரிமை வேண்டியிருக்கிறது. பாடசாலையைத் தனது என்று சொல்ல ஒரு பற்றுச்சீட்டு வேண்டியிருக்கிறது. இலவசமாகக் கிடைப்பதில் தங்களுக்குப் பேச இடமில்லை என்று பெற்றோர் நினைக்கிறார்கள். நாங்களும், பெற்றோர் கூட்டங்களை நடத்தும் முறையால், அப்படியே நினைக்க வைத்திருக்கிறோம். மேடையில் இருப்பவர்கள் பேசுவார்கள், கீழே இருப்பவர்கள் கையொப்பமிட்டுப் போவார்கள். வரி கொடுப்பவர் அவர்தான், ஆகவே பாடசாலை ஏற்கெனவே அவருடையதுதான் என்று அந்தத் தாய்க்கு நாங்கள் சொன்னோம். அவர் மரியாதைக்குத் தலையாட்டினார்.

சங்கத்தின் நிர்வாகக் குழு ஏற்றுக்கொண்ட ஒரு முடிவை இங்கே அறிவிக்கிறோம். இனி அனுமதி நாட்களில் சங்கத்தின் மேசை இல்லை. நன்கொடை கேட்பதென்றால் ஆண்டுக்கு ஒருமுறை, எல்லோருக்கும் ஒரே கடிதம். கொடுத்தவர் பெயரைக் கூட்டத்தில் வாசிப்பதும் இல்லை. காசாகத் தர முடியாதவர்கள் சிரமதானத்தில், சமையலில், நூலகத்தில் புத்தகம் கட்டுவதில் பங்குகொள்ளலாம். அதற்கும் பற்றுச்சீட்டு உண்டு! இது அந்தத் தாய் எங்களுக்குச் சொல்லித் தந்தது.

முடிவாகாத ஒரு விசயமும் இருக்கிறது. நூற்றாண்டு நினைவாக வாசலில் ஒரு வளைவு கட்டுவதற்கு வெளிநாட்டுக் கிளைகள் நிதி சேர்த்திருக்கின்றன. வரைபடம் அழகாக இருக்கிறது. வளைவு வேண்டாம் என்று நாங்கள் சொன்னால் சில அக்காமாருக்கு மனவருத்தம் வரும், அவர்களின் அன்பை நாங்கள் அறியாதவர்கள் அல்லர். ஆனால் எங்கள் ஊரில் வளைவு இல்லாத பாடசாலையைத்தான் இப்போது தேட வேண்டியிருக்கிறது. அந்த நிதியில் மாலை ஐந்தரை வரை திறந்திருக்கும் ஒரு வாசிப்பு மண்டபம் நடத்தலாம். ஓய்வுபெற்ற ஆசிரியைகள் நால்வர் ஏற்கெனவே சம்மதம் தந்திருக்கிறார்கள். ஒன்றரைக்குப் பாடசாலை விட்டதும் பிள்ளை அங்கேயே சோறு சாப்பிட்டு, கணிதமும் விஞ்ஞானமும் கேட்டுப் படித்துவிட்டு, வெளிச்சத்தோடு வீட்டுக்குப் போகலாம். கரையோரக் கிராமங்களிலிருந்து வரும் உயர்தர மாணவியருக்கு ஒரு சிறிய வாகனத்தை மாத வாடகைக்குப் பேசலாம். கணக்குப் போட்டுப் பார்த்தோம்: வளைவுக்கான தொகையில் மூன்று ஆண்டுகள் தாக்குப்பிடிக்கலாம். அதற்குப் பிறகு என்ன செய்வது என்பதற்கு எங்களிடம் இன்னும் விடை இல்லை. வளைவு என்றால் ஐம்பது வருடம் நிற்கும் என்று ஒரு அக்கா சொன்னார். அதுவும் சரிதான்.

வாசிப்பு மண்டபம் ரியூசனை ஒழித்துவிடும் என்று நாங்கள் நம்பவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை ஐந்தரைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கும். ஆனால் எங்கள் பாடசாலைப் பிள்ளை ஒருத்தி பகல் இரண்டு மணிக்குச் சோறு சாப்பிடுவாள் என்பது வைத்தியர்களாகிய எங்களுக்குப் போதுமான காரணம். செயலாளரே, கடைசியில் போசாக்குக்கு வந்துவிட்டோம்!

பொதுக்கூட்டத்தில் இந்த முன்மொழிவு வாக்குக்கு வருகிறது. வெளிநாட்டுக் கிளைகள் இணையவழியில் வாக்களிக்கலாம். பெற்றோர் பிரதிநிதிகள் ஆறு பேருக்கும் வாக்குரிமை கொடுக்க வேண்டும் என்று திருத்தம் ஒன்றும் சமர்ப்பித்திருக்கிறோம். முன்மொழிவு நிறைவேறினால், முதல் மூன்று மாதச் சாப்பாட்டுச் செலவை 1998 வகுப்பு ஏற்கும். வாரத்தில் இரண்டு நாள் முருங்கையிலை வறை கட்டாயம் இருக்கும் என்பதை மாணவியருக்கு இப்போதே சொல்லி வைக்கிறோம். முறைப்பாடுகளை உங்கள் வகுப்பாசிரியையிடம் கொடுக்கலாம்.